படகு இன்று போகாது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரனுக்குக் கடலோடு என்ன வேலை என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்த மிதவை, கோயில் குளத்துத் தெப்பம் ஒன்றுதான். ஆனால் எங்கள் பகுதியின் மேற்கு ஓரத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்ம பல்லவன் 720இல் சீன அரசவைக்குத் தூது அனுப்பியவன். அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு முன்பு இந்தப் பக்கம் வந்த சீனத் துறவி சுவான்சாங்கின் வாழ்க்கை வரலாறு காஞ்சியைக் கடல்முகத்து ஊர் என்றே சொல்கிறது. அங்கிருந்து இலங்கை மூன்று நாள் கடல் பயணமாம். துறைமுகமான மாமல்லபுரத்தையும் காஞ்சிக் கணக்கிலேயே எழுதிவிட்டார்களோ என்னவோ.

இப்போது எங்களூர்க்காரர்கள் கடல்மேல் ஏறுவதென்றால் அது பெரும்பாலும் கன்னியாகுமரியில்தான். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குக் கிளம்பும் வேன்கள் திரும்பும் வழியில் அங்கே ஒரு நாள் நிற்கும். வந்தவர்கள் விவேகானந்தர் பாறையைச் சொல்வார்கள், 133 அடி வள்ளுவரைச் சொல்வார்கள், இப்போது கண்ணாடிப் பாலத்தையும் சொல்கிறார்கள். கரையிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தள்ளி நிற்கும் பாறைக்குத் தங்களைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவர்களைப் பார்ப்பதற்காகவே போனேன்.

படகுகளை ஓட்டுவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். 1974இல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம். ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து நம் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவருவதுதான் அதன் பெரிய தொழில். தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று கப்பல்களே வைத்திருந்தது. நம் வீட்டில் விளக்கு எரிந்ததில் அந்தக் கப்பல்களுக்கும் பங்குண்டு. ஆனால் பூம்புகார் என்ற பெயரைச் சனங்கள் தெரிந்துவைத்திருப்பது 1984 முதல் கன்னியாகுமரியில் ஓடும் சின்னப் படகுகளால்தான். குகன், பொதிகை, விவேகானந்தா என்று மூன்று. ஒவ்வொன்றிலும் 150 பேர். பின்னால் தாமிரபரணியும் திருவள்ளுவரும் வந்து சேர்ந்தன. கங்கையில் ஓடம் விட்டவன் பெயரை ஒரு படகுக்கு வைக்கத் தோன்றியதே, அந்த அதிகாரிக்கு ஒரு வணக்கம்.

காலை எட்டு மணிக்குச் சேவை தொடங்குகிறது. நான் பார்க்க நினைத்தது படகு ஓடுவதை அல்ல, படகு அணைவதை. படகுத்துறைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் கட்டிய பழைய டயர்கள் நசுங்கி முனகுகின்றன. முன்கயிறும் பின்கயிறும் இரும்புக் குற்றியில் விழுந்த பிறகும் படகு நிற்பதில்லை. கயிற்றின் நீளத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. ஏறும் இடத்தில் நிற்கும் படகு ஊழியர்களான இரண்டு லஸ்கர்களும் பயணியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கண் தண்ணீரில் இருக்கிறது, கை மட்டும் நீள்கிறது. படகின் தளம் துறையின் மட்டத்துக்கு எழும் அந்த நொடியில் மணிக்கட்டைப் பிடித்து, “இப்ப வாங்க” என்று ஒரே இழுப்பு. அடுத்த ஆளுக்கு, “நில்லுங்க.” ஒரு பாட்டி, “ஏம்பா, அவளை மட்டும் விட்டியே” என்று கோபித்துக்கொண்டார். தளம் அதற்குள் ஓர் அடி கீழே போய்விட்டது அவருக்குத் தெரியவில்லை.

ஏறியவர்களுக்கு ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை. அதை மாட்டிக்கொள்ள அலுத்துக்கொள்ளாதவர் குறைவு. புதுப்பெண் ஒருத்தி அரக்குப் பட்டில் வந்திருந்தாள். அகலக் கரை, நல்ல ஜரிகை. சட்டை புடவையைக் கசக்கிவிடுமென்று கையிலேயே வைத்திருந்தாள். உண்மையில் அவள் பயப்படவேண்டியது உப்புத் தெறிப்புக்கு. ஜரிகையின் பொன்முலாமுக்கு அடியில் இருப்பது வெள்ளி. உப்பும் ஈரமும் பட்டால் கறுத்துப்போகும். நெசவுக்காரன் புத்தி, சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் லஸ்கர் வந்து, “போட்டுக்கிடுங்க அம்மா, போடாம கயிறு அவுக்க மாட்டோம்” என்றார். போட்டுக்கொண்டாள்.

ஒரு படகில் மூன்று விதமான வேலை. சக்கரத்தைப் பிடிப்பவர் ஸ்ராங்கு. கீழே எஞ்சின் அறையில் டிரைவர். கயிறும் தளமும் லஸ்கர் பொறுப்பு. டிரைவரை யாரும் பார்ப்பதில்லை. சூட்டிலும் டீசல் வாடையிலும் அவர் நாள் கழிகிறது. எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் படகின் விலாவிலிருந்து விட்டுவிட்டுக் கொப்பளித்து விழுகிறதா என்று கரையில் நிற்பவர்களும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். அது நின்றால் எஞ்சின் கொதிக்கிறது என்று அர்த்தம். அடித்தட்டில் சேரும் கசிவுநீரை அவ்வப்போது பம்பு வைத்து வெளியேற்றுவதும் டிரைவர் கணக்கில்தான்.

ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு படகையும் பக்கத்துச் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் கரையேற்றுகிறார்கள். தண்டவாளத்தில் இழுத்து மேலே கொண்டுவந்தால்தான் படகின் முழு உருவம் தெரிகிறது. தண்ணீருக்குக் கீழே இவ்வளவு வயிறு இருக்கும் என்று பயணி நினைத்திருக்க மாட்டார். அடிப்பாகத்தில் கொட்டலசு அப்பியிருக்கும். சிப்பிபோல ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் உயிர். அதைச் சுரண்டாவிட்டால் படகின் வேகம் குறையும், டீசல் கூடும். சுரண்டி, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, சோதனை முடிந்து சான்று வாங்கிய பிறகே மறுபடி இறக்குகிறார்கள். சுரண்டுகிறவர் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உதிர்வதெல்லாம் முகத்தில்.

சின்னமுட்டம் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பல ஆண்டுகள் ஸ்ராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். “எதுண்ணே கஷ்டம், காத்தா அலையா?” என்றேன்.

“ரெண்டும் இல்ல தம்பி. இன்னைக்குப் போட்டு போகாதுன்னு சொல்லுறதுதான்.”

கன்னியாகுமரியில் படகு நிற்பதற்கு அலை மட்டும் காரணமில்லை. கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்தவேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது அடிக்கடி நடக்கும். வள்ளுவர் சிலைப் பக்கம் பாறைகள் அதிகம். தண்ணீர் குறைந்தால் படகு தரைதட்டும். அதனால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் நாளிலும் வள்ளுவரைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். அந்தக் குறைக்காகத்தான் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் 37 கோடி ரூபாய் செலவில் கண்ணாடி இழைப் பாலம் கட்டி, 2024 டிசம்பர் 30இல் திறந்தார்கள். வள்ளுவர் காலடிக்கு இனி நடந்தே போகலாம். ஆனால் முதல் பாறைக்குப் படகு வேண்டும், படகுக்குக் கடலின் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல் கிளப்பிய பேரலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து கரையேறும். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது முன்னெச்சரிக்கை தருகிறது. 2024 மே 6 அன்று, எச்சரிக்கை அமலில் இருந்த நாளில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் கால் நனைக்க இறங்கிய பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது.

வெயில் அடிக்கும் நாளில் இதைச் சொல்லிப் படகை நிறுத்தினால் யார் நம்புவார்கள்? “ஊரெல்லாம் கடன் வாங்கி வண்டி புடிச்சு வந்திருப்பாங்க. திட்டுவாங்க. ஒருத்தர் காலில் விழுந்தாரு” என்றார் பெரியவர். “கீழ குனிஞ்சுக்கிட்டே இல்லன்னுட்டேன். முகத்தப் பாத்தா மனசு எளகிரும்.”

எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. எங்கள் தெருவில் விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை வெளியே விரிப்பவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள். மேகம் சரியில்லை என்று மூத்தவர் சொல்லிவிட்டால் முதலாளி வந்து நின்றாலும் பாவு வெளியே வராது. ஆனால் எங்களுக்குப் போவது ஒரு பாவு, சில நாள் கூலி.

மறுக்க ஆளில்லாத இடங்களில் நடந்தது நமக்குத் தெரியும். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்தது; 22 பேர். 2023 மே 7இல் கேரளத்துத் தானூரில் மீன்பிடிப் படகையே மாற்றிச் செய்த சுற்றுலாப் படகு, இருட்டும் நேரத்தில் அளவுக்கு மீறி ஆளேற்றிக்கொண்டு போய் மூழ்கியது. அங்கும் 22 உயிர். மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் கட்டியது. மீன் பெட்டி எழுந்து ஒரு பக்கமாக ஓடி செல்ஃபி எடுக்காது, மனிதர்கள் ஓடுவார்கள். மேல்தட்டில் எடை கூடி ஒரு பக்கம் சாய்ந்தால், எந்த ஸ்ராங்கின் கைத்திறனும் அதை நிமிர்த்த முடியாது.

தானூருக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி, உள்நாட்டுக் கலங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. பதிவு, சோதனை, மாலுமிகளின் தகுதி எல்லாம் அதில் உண்டு. சட்டம் துறையில் வந்து நின்று கயிற்றைப் பிடிக்காது. அதைச் செய்வது மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு லஸ்கர், அவருக்குப் பின்னால் உறுதியாக நிற்கும் ஒரு ஸ்ராங்கு. ஓட்டத் தெரிந்தவர்கள் கரையெல்லாம் இருக்கிறார்கள். ஓட்டாமல் நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் நாம் கூடுதலாகச் சம்பளம் தரவேண்டும் என்பது என் கட்சி.

வரும் கார்த்திகையில் எங்கள் தெரு வேனில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகு இல்லை என்று பலகை வைத்திருந்தால் கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள். தனியாக வள்ளத்தில் கொண்டுபோய்விடுகிறேன் என்று யாராவது கிசுகிசுத்தால் பின்னால் போகாதீர்கள். படகு ஓடினால் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். பட்டுப்புடவையை லாட்ஜிலேயே விட்டுவிட்டுப் போங்கள், ஜரிகைக்கும் நல்லது.