கடைசல்காரர் பெயர் எங்கே?

அம்பாசமுத்திரம் சொப்பு சாமானுக்குப் புவிசார் குறியீடு கேட்கும் செய்தி நாளிதழில் வந்தபோது அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர் ஒரு வீடியோ கேம் ஆராய்ச்சியாளர். விளையாட்டுகள் எப்படி உருவாகின்றன என்று ஆராயும் பல்கலைக்கழகக் குழு ஒன்றில் இருக்கிறார். என் நண்பர். அவர் அழைத்துத்தான் நானும் கடைசல் பட்டறைக்குப் போனேன்.

மரச் சொப்புக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வழியில் பார்த்தவர்கள் கேட்டார்கள். 'வெண்பா'வை விளையாடியவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. 1980களில் கனடாவில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் நோட்டு கிழிந்து போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து, விளையாடுபவர்தான் இட்லித் தட்டை அடுக்க வேண்டும், புட்டுக் குழலில் மாவை நிரப்ப வேண்டும். 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அடுப்பும் பானையும் வைத்துப் பிள்ளைகள் குடும்பம் நடத்தும் அதே சொப்பு விளையாட்டு, திரையில் ஏறியிருக்கிறது.

விளையாட்டைப் படிப்பாக எடுத்துக்கொள்வது புதிதல்ல. எஸ்பென் ஆர்செத் ஆசிரியராக இருந்து 'கேம் ஸ்டடீஸ்' ஆய்விதழைத் தொடங்கியது 2001இல். கோபன்ஹேகன் ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி விளையாட்டு ஆராய்ச்சி மையம் 2003இல் வந்தது. இந்தியாவில் சௌவிக் முகர்ஜி இதற்கென்றே உழைப்பவர். இந்தியத் துணைக்கண்டத்தின் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி 2022இல் தனி நூல் எழுதினார். பரமபதம் போன்ற பழைய பலகை விளையாட்டுகளையும் ஆராய்கிறார். இந்திய விளையாட்டு நிறுவனங்கள் வட்டார மரபுகளை எப்படி எடுத்தாள்கின்றன என்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் சேனியா சைலரும் அவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். நண்பரின் கேள்வி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மரபை எடுத்தாள்கிறோம், சரி. அந்த மரபைக் கையில் வைத்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

பட்டறை என்பது ஓடு வேய்ந்த ஒற்றை அறை. கடைசல்காரப் பெரியவர் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்திருந்தார். மரத்தை அறுப்பது, காயவைப்பது, சாயம் கலப்பது என்று பல வேலைகளைக் காட்டினார். எங்கள் கண் உளியை விட்டு நகரவில்லை.

மோட்டார் சுழன்றது. கடைசலில் ஏறிய கட்டையின் மேல் உளியைச் சாய்த்து வைத்ததும் சீவல் சுருண்டு விழுந்தது. கழுத்து வந்தது, வயிறு வந்தது, ஒரு கட்டைவிரல் உயரக் குடம் நின்றது. அளவுகோல் எதுவும் இல்லை. ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து இன்னும் ஒரு நூல் எடுத்தார். அடுத்து அரக்குக் குச்சியைச் சுழலும் குடத்தில் அழுத்தினார். உராயும் சூட்டில் அரக்கு உருகி சிவப்பாகப் படிந்தது. தாழை ஓலையை மடித்து அழுத்தித் தேய்க்க, மினுக்கம் ஏறியது.

அவரிடம் உள்ள உளிகளில் ஒன்று மட்டும் பாதி நீளம்தான் இருக்கிறது. அப்பா பிடித்த உளி. தீட்டித் தீட்டியே தேய்ந்துவிட்டது.

"எங்க அப்பா காலத்துல கரண்டு மிஷினு கிடையாது தம்பி. நான் கயிறு இழுப்பேன், அவுக கடைவாக. கயிறு முன்னால வரும்போதுதான் உளி மரத்துல படணும், பின்னால போகும்போது எடுத்துரணும். என் இழுப்பு தப்பிச்சுன்னா அவுக கை போயிரும், பாத்துக்கிடுங்க."

"பள்ளிக்கூடம் போகலையா அண்ணாச்சி?"

"போனேன். சாயங்காலம் வந்து இழுப்பேன். அஞ்சாப்போட நின்னுட்டு, முழுநேரமும் இதுதான்."

உளியை அவர் கையில் அப்பா கொடுத்தது பல வருடம் கழித்து. முதலில் உலக்கை கடையச் சொன்னாராம், அது நேர்க்கட்டை. அப்புறம் உரல், திருகை, செம்பு. மூடியும் பானையும் ஒன்றோடொன்று பொருந்தக் கடைந்த அன்றுதான் அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு மூடி வேலை முழுவதும் மகனுக்கே வந்தது.

அப்பா காலத்தில் கடைந்தது மஞ்சக்கடம்பு மரம். களக்காடு முண்டந்துறைக் காடு 1988இல் புலிகள் காப்பகமானது. காட்டு மரம் முன்போல் இறங்குவதில்லை. இன்றைக்கு ரப்பர் மரமும் தைல மரமும். "கடம்பு உளிக்குச் சொன்னபடி கேக்கும், இது முரண்டு பிடிக்கும்" என்கிறார். அதனால் உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் கூலி செட்டுக் கணக்கில்தான். தீட்டும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

மரமும் அரக்கும் வியாபாரி முன்கூட்டிக் கொடுக்கிறார், பற்று எழுதிக்கொள்கிறார். சரக்கு முடிந்ததும் பற்றைக் கழித்து மிச்சத்தைத் தருகிறார். அந்தச் சொப்பு ஓலைப்பெட்டியில் ஏறி குற்றாலத்துக்குப் போகிறது, திருச்செந்தூருக்குப் போகிறது. அங்கே என்ன விலைக்கு விற்கிறது என்பது பெரியவருக்குத் தெரியும். தெரிந்து ஆவதொன்றும் இல்லை. சீசன் முடியும் வரை காத்திருந்து தானே விற்க அவர் கையில் முதல் கிடையாது. முதல் இல்லாத கை எவ்வளவு தேர்ந்த கையானாலும், விலை சொல்லும் உரிமை அதற்கு வருவதே இல்லை. இது கொடுமை. கைத்தொழிலின் பெருமையை மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இந்தப் பற்றுநோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசு 2020இல் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்த்தியது, 2023இல் 70 ஆக்கியது. அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்காவது கடைசலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இறங்க வேண்டாமா?

நண்பர் தன் துறைக் கதையைச் சொன்னார். விளையாட்டு செய்பவர்களுக்கும் நடுவில் ஆள் உண்டு. ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடையில் விற்கும் விளையாட்டில் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொண்டன. சிறு நிறுவனங்களின் முறையீட்டுக்கும் வழக்குகளுக்கும் நடுவே, 2021இல் சிறியவர்களுக்கு அது 15 ஆகக் குறைந்தது. அங்கே பிடித்தம் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதால்தான் எதிர்த்துச் சண்டை போட முடிந்தது.

பெயருக்கும் சண்டை நடந்தது. 1970களில் அட்டாரி நிறுவனம் விளையாட்டை எழுதியவர் பெயரை வெளியிடுவதில்லை. வாரன் ராபினெட் தான் எழுதிய 'அட்வெஞ்சர்' விளையாட்டில் யாருக்கும் தெரியாத ஓர் அறையை வைத்து, அதற்குள் தன் பெயரை ஒளித்துவிட்டார். அட்டாரியின் வேறு நான்கு நிரலாளர்கள் வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்குவதில் சேர்ந்தார்கள். எழுதியவர் பெயரைப் போட்டே விளையாட்டை விற்றார்கள். இன்று பெரும்பாலான விளையாட்டுகளை முடித்ததும் படம் வரைந்தவர், இசையமைத்தவர் என்று பெயர்கள் ஓடுகின்றன.

ஓலைப்பெட்டியில் கடைந்தவர் பெயர் இல்லை. கடைக்காரர் பெயர் இருக்கிறது.

புவிசார் குறியீடு பதிவாவதால் மட்டும் இது சரியாகிவிடாது. 1999ஆம் ஆண்டுச் சட்டம், கைவினைப் பொருளைச் செய்பவரோடு அதை வாங்கி விற்பவரையும் 'உற்பத்தியாளர்' என்றே சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனித்தனியே பதிவு செய்துகொள்ளும் உரிமை இரண்டு பேருக்கும் உண்டு. படிவமும் பணமும் அலைச்சலும் யாருக்குச் சுலபமோ அவர் முந்திக்கொள்வார். பட்டறையில் உளி தீட்டிக்கொண்டிருப்பவர் வெளியே நிற்பார். ஒவ்வொரு கடைசல்காரரும் தன் பெயரில் பதிவாக வேண்டும். அந்த வேலையைப் பல்கலைக்கழகங்கள் கையில் எடுக்கலாம். விளையாட்டு நிறுவனங்களில் யார் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள், யார் பெயர் விடுபடுகிறது என்று கணக்கெடுக்கும் அதே முறை, அம்பாசமுத்திரத்துத் தெருக்களுக்கும் பொருந்தும்.

நண்பர் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அதுல என் பேரு ஏற எந்த ஆபீசுக்குப் போணும் தம்பி?"

பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நண்பர் முகவரியை எழுதிக் கொடுத்தார். கூட யார் யாரெல்லாம் கடைகிறார்கள் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெயர்களையும் வரிசையாகக் குறித்துக்கொண்டார்.