ஏழு பெயர்

சித்திரை பிறந்துவிட்டால் கழுவெளி எங்களுக்கு மைதானம். 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். நாங்கள் ஆடிய காலத்தில் வானூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் அது வெட்டவெளி. மழைக்காலத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் இரை தேடும் தண்ணீர், வெயில் ஏற ஏற வற்றி, தரையில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். பந்தை உருட்டிக்கொண்டு ஓடினால் வெடிப்பில் பட்டு எங்காவது தெறித்துவிடும். அதனால் ஓடாமல், பக்கத்தில் நிற்பவனுக்குச் சட்டென்று தள்ளிவிடப் பழகினோம். பாஸிங் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

1998 ஜூலையில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ், பிரேசிலை 3-0 என்று வென்றது. ஜிதான் தலையால் முட்டிய இரண்டு கோலும் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி எங்கள் டீக்கடை வரை பேச்சாக வந்து சேர்ந்தன. அடுத்த கோடை விடுமுறையில் வானூரில் செவன்ஸ் போட்டி என்று தெரிந்ததும் எங்களுக்கு இருப்பே கொள்ளவில்லை. அணிக்கு ஏழு பேர், மாற்றாட்டக்காரர் மூன்று பேர், ஆஃப்சைடு கிடையாது, நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். செம்மண் மேட்டுத் தோப்புகளில் முந்திரிக்கொட்டை பொறுக்கிப் பணத்தைச் சேர்த்துவிட்டோம்.

பெயர் சேர்ப்பதுதான் பெரும்பாடு. கழுவெளி காய்கிற அதே மாதங்களில்தான் மரக்காணத்து அளங்களில் உப்பு நன்றாக விளையும். விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். பாத்தியில் இறங்கி, நீண்ட கழியில் கட்டிய பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் குவிக்க வேண்டும். விடுமுறை என்றால் அளத்துக் குடும்பங்களில் பிள்ளைகளும் கைகொடுக்கப் போவார்கள். எங்கள் நடு ஆட்டக்காரனுக்கு உப்புத்தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் புண். அதிகம் ஓடமாட்டான்; ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பந்து வருமுன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும். அவனைப் போல் பந்து கொடுத்தவனை நான் பிறகும் பார்க்கவில்லை.

அவன் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் பி.டி. சார் அந்தக் கதையைச் சொன்னார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி 2-1 என்று தோற்றார்கள். நம்முடைய அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அன்று முதல் அவன் எங்களுக்கு ராமன்தான்.

அவனுடைய அப்பாவிடம் எல்லோருமாகப் போய்க் கேட்டோம். “உப்பு வாரி முடிச்சுட்டு எங்க வேணா கூட்டிட்டுப் போங்கடா” என்றார்.

பெயர் கொடுக்க, காய்ந்த கழுவெளியின் குறுக்கே சைக்கிள் மிதித்தோம். வேப்பமரத்தடி மேசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார்.

“எந்த ஊருடா நீங்க?”

ஊர்த்தெருப் பையன்கள், காலனிப் பையன்கள், கோல்கீப்பர் குப்பத்துக்காரன். அந்த நாளில் கோயில் திருவிழாவுக்குக்கூட இந்த மூன்று இடத்துப் பெயர்களும் ஒரே நோட்டில் ஏறியதில்லை. ஓர் அணி ஒரே ஊராக இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. எனக்கு நாக்கு எழவில்லை.

“கழுவெளிண்ணே. நாங்க எல்லாரும் அங்கதான் ஆடுறோம்” என்றான் கோல்கீப்பர்.

அவர் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஊர் என்ற இடத்தில் கழுவெளி என்றே எழுதினார்.

“சாயங்கால ஆட்டமா போட்டுக் குடுங்கண்ணே. காலையில உப்பு வாரணும்” என்றான் ராமன். எங்களுக்குக் குறித்திருந்த காலை ஆட்டத்தை அடித்துவிட்டு மாலைக்கு மாற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். கோல்கீப்பர் உருட்டிவிட்ட பந்து, யார் காலிலும் ஒரு நொடிக்கு மேல் தங்காமல், ராமன் வழியாக வலைக்குப் போனது. அடுத்த ஆட்டத்தில் எங்களைவிடப் பெரிய பையன்களிடம் தோற்றோம்.

மறு வருஷம் பெயர் எழுதும்போது ராமன் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரக் கூலியாக அளத்துக்குப் போயிருந்தான். மே மாதத்தில் ஒரு மாலைகூட அவனுக்கு மிஞ்சவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் ஓய்ந்துவிடும், அவனுக்கும் நேரம் இருக்கும். ஆனால் அப்போது கழுவெளியில் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில், தண்ணீர் தேங்காத செம்மண் மேட்டில் போட்டி வைத்தால் அளத்துப் பையன்கள் எல்லோரும் ஆடலாமே என்று பி.டி. சாரிடம் அன்றைக்கே கேட்டேன். அந்தப் பக்கம் போட்டி நடத்துகிறவர்களைப் பார்த்தால் இன்றும் அதையே கேட்கிறேன்.