கயிற்றின் மறுமுனை

முத்துக் குளிக்கப் போகிறவர் தம் கயிற்றை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார் என்று தென்கடலோரத்தில் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கும்போது மைத்துனன் கண்ணயர மாட்டான் என்பது கணக்கு. கல்லில் கால் வைத்து மன்னார் வளைகுடாவின் அடிக்குப் போனவர், கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

எனக்கும் ஒரு மைத்துனர் இருக்கிறார். ஃபுளோரிடாவின் டம்பா நகரில் கணினி வேலை. வரும் டிசம்பரில் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து வடக்கே டனெலன் என்ற சிற்றூரில் ரெயின்போ ஆறு ஓடுகிறது. ஊற்றுநீர் ஆறு, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரி, கண்ணாடி போலத் தெளிவு. மேலே ஓரிடத்தில் இறங்கி, நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் மிதந்து, கீழே ஓரிடத்தில் ஏறலாம். புலாவ் ஹந்துவின் கலங்கல் நீரில் கைக்கு எட்டும் தூரத்தைத் தாண்டி எதையும் காணாமல் பழகிய கண்களுக்கு இது விருந்து.

ஆனால் மைத்துனருக்கு நீச்சல் தெரியாது. காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார், கீழே காத்திருப்பார். ஆற்றில் நான் தனி. தனி முக்குளிப்புக்கு எஸ்டிஐ நிறுவனம் பயிற்சி தருகிறது. 21 வயதும் பதிவேட்டில் 100 முக்குளிப்புகளும் ஆகியிருந்தால்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சான்றிதழ் என்னிடம் உண்டு. அதைக் காட்டியும் மனைவி ஒப்பவில்லை. “மேலேயிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியணும், தெரிந்தால் போங்கள்” என்றார். இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டில் இது நியாயமான நிபந்தனை.

இப்படித்தான் மிதவை தேடத் தொடங்கினேன். தேக்காவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாதம் மூன்று மிதவைகள் காற்றடைத்துக் கிடந்தன. இரண்டு நண்பர்களிடம் இரவல், ஒன்று விலைக்கு. பார்த்ததும் அம்மாவுக்கு ஊர்க் கிணறு நினைவு வந்துவிட்டது. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித்தான் அவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்களாம். கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலில் இறங்கும் ஹேனியோ பெண்களும் முன்பு சுரைக்குடுவையைத்தான் மிதவையாக வைத்திருந்தார்கள். அடியில் வலைப்பை தொங்கும், பிடித்த சிப்பி அதில் சேரும், களைத்தால் அதன்மேல் சாய்ந்து மூச்சு வாங்கலாம். இப்போது சுரைக்குப் பதில் நுரைப்பந்து. சாமான் சுமக்கும் மிதவைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

முதல் மிதவை வளைய வடிவம், நடுவில் வலை. சாமான் நிறையக் கொள்ளும். ஈஸ்ட் கோஸ்ட் கடலில் துடுப்புக்காலணி போட்டு இழுத்துப் பார்த்தேன். பிடிவாதமான குழந்தையைப் பள்ளிக்கு இழுத்துப்போவது போல இருந்தது. இரண்டாவது நீண்ட குழல் வடிவம். இழுப்பதே தெரியவில்லை, ஆனால் தண்ணீர்ப் புட்டியைக்கூட மாட்ட இடமில்லை. மூன்றாவது, சிறு பலகை போன்ற தட்டை மிதவை. உயரம் குறைவு என்பதால் காற்று அதிகம் தள்ளாது. மேலே வார்கள் உண்டு. காற்றறை இரண்டு, ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும். அதையே எடுத்துக்கொண்டேன்.

கொடி தனிக் கதை. சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்ட கொடியை முக்குளிப்பவர் வைத்திருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். மிதவையில் வைப்பது 12 அங்குலச் சதுரத்துக்குக் குறையக்கூடாது. ஆற்றில் கொடியிலிருந்து 100 அடிக்குள் இருக்க முயல வேண்டும்; படகுகளும் அந்த 100 அடிக்குள் வந்தால் மிக மெதுவாகத்தான் போக வேண்டும். துணிக்கொடி நனைந்தால் துவண்டுவிடும், அதனால் உள்ளே கம்பி கோத்தேன்.

சாமான் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. தண்ணீர், நீர்புகாப் பையில் கைப்பேசி, விசில், மாற்று முகக்கண்ணாடி, கரையேறி நடக்கச் செருப்பு, இவை மிதவையில் போகலாம். மாற்றுக் காற்றுக்கலனை மட்டும் அதில் வைக்கவே கூடாது. சிலர் வைக்கிறார்கள். ஆறு மீட்டர் ஆழத்தில் காற்று நின்றுபோனால், மேலே மிதக்கிற கலன் கரையில் இருப்பதற்குச் சமம். தனியாகப் போகிறவருக்கு அது விலாவோடு ஒட்டியே இருக்க வேண்டும். வெட்டுக்கத்தியும் அப்படித்தான்.

கயிறு எங்கே கட்டுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. இடுப்பில் கட்டினால் கை இரண்டும் விடுதலை. ஆனால் சாய்ந்த மரக்கிளையில் மிதவை மாட்டிக்கொண்டால் நீரோட்டம் என்னைத் தள்ளும், கயிறு பின்னால் இழுக்கும். தூண்டிலில் மீன் போலத்தான். படகு கயிற்றை இழுத்துப்போனாலும் அதே கதி. மணிக்கட்டில் சுற்றுவது இன்னும் மோசம். அதனால் கைப்பிடி வைத்த கயிறு, நீரில் மிதக்கும் மஞ்சள் வகை, ஆழத்தைவிடச் சற்றே கூடுதல் நீளம். சிக்கினால் விட்டுவிடுவேன். 85 வெள்ளி மிதவை போனால் போகட்டும்.

இதையெல்லாம் மைத்துனரிடம் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மச்சான், மிதவை மட்டும் தனியா வந்தா நான் என்ன செய்யணும்?” என்றார். அவரிடம் அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பேசி முடிவு செய்தோம். கயிற்றை விட்டால் நான் அந்தக் கணமே மேலேறிவிடுவேன், ஆகவே மிதவைக்குப் பின்னாலேயே என் தலை தெரிய வேண்டும். பத்து நிமிடம் பார்ப்பார். தெரியாவிட்டால் 911ஐ அழைப்பார், அதன் பிறகுதான் தன் தங்கையை. அந்த வரிசையை அவரைத் திருப்பிச் சொல்லவைத்தேன்.