பூஜ்யமாக்கும் கணக்கும் ஒரு கனவும்

"டிரைவ்டு கேட்டகரியில் லோக்கலைசேஷன்" படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. அது ஒரு வசதிதான் :-) ஆனால் அடிப்படை யோசனை அப்படி ஒன்றும் பூதம் இல்லை. எதையெல்லாம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளப் போகிறோம்? கேள்வி அவ்வளவே.

முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இனி 2-ஆல் தாராளமாக வகுக்கலாம் என்று சலுகை கொடுப்போம். 1/2, 3/8 எல்லாம் உள்ளே வந்துவிடும். சலுகைக்கு ஒரு விலை உண்டு. இரட்டித்தால் பூஜ்யமாகிற எதுவும் இனிப் பூஜ்யமே; 2அ = 0 என்றால் 2-ஆல் வகுக்க, அ = 0. ஆக, 1 + 1 = 0 என்கிற ஒற்றை-இரட்டைக் கணக்கு புது உலகில் காணாமல் போய்விடும்.

குரோதெந்தீக்கின் மாணவர் வெர்டியே 1960-களில் இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார். வளையத்தைத் தொட வேண்டாம். மாட்யூல்களைச் சங்கிலியாகக் கோத்த காம்ப்ளக்ஸ்களின் உலகில், பூஜ்யமாக வேண்டியவற்றை ஒரு துணை கேட்டகரியாகக் குறித்து, அதனால் மொத்தத்தையும் வகுத்துவிடலாம். (அவருடைய ஆய்வேடு முழுதாக அச்சில் வந்தது 1996-ல், அவர் மறைந்து ஏழு வருடம் கழித்து. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்.)

வம்பு திரும்பி வரும் வழியில் இருக்கிறது. புது உலகின் நல்ல பொருள்களுக்கு பெர்ஃபெக்ட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். அப்படி ஒன்றைக் கையில் கொடுத்தால், அது பழைய உலகின் பெர்ஃபெக்ட் காம்ப்ளக்ஸ் ஒன்றிலிருந்து வந்ததா? முழு எண்களில் ஆம். வளையத்தில் முடிச்சு மாதிரி கோணலான புள்ளிகள் இருந்தால் எப்போதும் அப்படி இல்லை. ஒவ்வொரு காம்ப்ளக்ஸுக்கும் கே-பூஜ்யம் என்ற குழுவில் ஒரு முத்திரை உண்டு. முத்திரை பழைய உலகிலிருந்து வராவிட்டால் காம்ப்ளக்ஸும் வராது.

ராபர்ட் தாமஸன் இதில் மூன்று வருடம் முட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர் டாம் ட்ரோபா மனச்சோர்வால் உயிரை மாய்த்துக்கொண்டார். 94 நாள் கழித்து தாமஸனின் கனவில் அவர் வந்து, பெர்ஃபெக்ட் காம்ப்ளக்ஸ்களை நேர் எல்லை கொண்டு பார்த்தால் அவை பழைய உலகுக்கு நீளும் என்றாராம். விழித்ததுமே தாமஸனுக்குத் தெரியும், இது தப்பு என்று. குறுக்கே முத்திரை நிற்கிறதே! ஆனால் கனவில் வந்தவர் விடாப்பிடியாகச் சொன்னதால், ஓட்டை எங்கே என்று காட்டினால்தான் தூங்க விடுவார் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தார்.

ஓட்டை இருந்தது. ஆனால் அதுவரை வந்த வாதம் வீண் இல்லை. முதலில் காம்ப்ளக்ஸைப் பழைய உலகில் ஒரு பெரிய, அடங்காத பொருளாக நீட்டுகிறோம். அந்தப் பெரியது பெர்ஃபெக்ட் காம்ப்ளக்ஸ்களின் எல்லை. நம்முடையது சிறியது என்பதால் எல்லை வரை போகாமல் நடுவிலேயே ஒரு படியில் அடங்கிவிடும். அதாவது அது தனியாக நீளாவிட்டாலும், நீளக்கூடிய ஒன்றின் ஒரு கூறாக இருக்கும். மிச்சத்தை முத்திரை பார்த்துக்கொள்ளும்: முத்திரை வந்தால் காம்ப்ளக்ஸும் வரும். வாதத்தையே கொன்றுவிடும் என்று தாமஸன் நினைத்த தடைதான் இருக்கும் ஒரே தடை. இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஓர் இடம் தள்ளிவைத்த நகலின் முத்திரை மூலத்துக்கு நேர் எதிர். இரண்டையும் கூட்டினால் முத்திரை பூஜ்யம். ஆக ஜோடியாக எப்போதும் நீளும்.

1990-ல் குரோதெந்தீக்கின் 60-ஆம் பிறந்தநாள் மலரின் மூன்றாம் தொகுதியில், ஏறக்குறைய 190 பக்கத்தில், இரண்டு பேர் பெயரிலும் கட்டுரை வந்தது. இதை வெறும் உருக்கம் என்பவர்களை எனக்கு ஏற்க முடியவில்லை. கனவில் சொன்ன வாக்கியம் உண்மையிலேயே நிரூபணத்தில் வேலை செய்கிறது. என்னோடு எம்.எஸ்ஸி. படித்து, வேலைக்குப் போய்விட்ட ஒருவன் இருக்கிறான். போர்டில் எழுதும்போது "அதெப்படிடா?" என்று இன்றைக்கும் என் தலைக்குள் கேட்பது அவன் குரல்தான். அவன் எதிர்க்காத வரி எதையும் நான் நம்புவதில்லை. பெயர் போடுவது என்று வந்தால் என்ன செய்வேன், தெரியவில்லை.

1992-ல் அம்னோன் நீமன் இதையே ஹோமோடபி தியரி வழியாக மிகச் சுருக்கமாக நிரூபித்தார். அடுத்த வாரம் செமினாரில் பேச அதுதான் புத்திசாலித்தனம். நான் நீண்ட வழியையே எடுத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் முத்திரை வரைக்குமாவது போய்ச் சேர வேண்டும்.