ஒத்தடம்

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒன்பது வருஷமாக ஒரு மோட்டார் கார் நிற்கிறது. மாரிஸ் மைனர். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து என் தகப்பனார் 1962-ல் வாங்கியது. தங்கை கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போனது அந்தக் காரில்தான். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். என் அண்ணனுக்கோ அது உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய சரக்கு.

"தைக்குள்ளே அது தானாக நகர்ந்தால் உன்னுது. இல்லாட்டி எடைக்குப் போட்டுருவேன்" என்று கெடு வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் பேரனை அழைத்துக்கொண்டு அவிநாசி ரோட்டிலுள்ள ஜீடி கார் மியூசியத்துக்குப் போயிருந்தேன். 2015-ல் திறந்தது. பழைய கார்களெல்லாம் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கின்றன. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சொல்லும் இடம் அது. வெளியே வரும்போது, 'நாமும் கோயமுத்தூர்க்காரன்தானே, இயந்திரம் நமக்கு வராதா?' என்ற மமதை எனக்கு வந்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு இந்த வியாதி எளிதில் தொற்றும்.

காரைக் கிளப்புவதற்கு முன்னால் டாங்கியிலுள்ள பழைய பெட்ரோலை வடித்துவிட வேண்டும். வருஷக் கணக்கில் கிடந்த பெட்ரோலில் லேசான பகுதியெல்லாம் ஆவியாகிவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து கெட்டுப் பிசினாகும். அது எஞ்சினுக்குள் போனால் நுண்ணிய துவாரங்களை எல்லாம் அடைத்துவிடும். டாங்கியின் அடியில் ஆறு பட்டையுள்ள ஒரு பித்தளைப் பிளக் இருந்தது. அதைக் கழற்றினால் தீர்ந்தது காரியம் என்று எண்ணி, ஸ்க்ரூ ஸ்பானரை மாட்டி மூச்சைப் பிடித்துத் திருப்பினேன். பிளக் அசையவில்லை. ஸ்பானர்தான் வழுக்கியது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஆறு மூலைகளும் தேய்ந்து, பிளக் மொட்டைத் தலையாகிவிட்டது.

சூடு காட்டினால் உலோகம் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போது பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டில் புளோ லாம்ப் ஒன்று இருந்தது. வாங்கி வந்தேன். எட்டு வயதுப் பேரன் சமையலறையிலிருந்து தீப்பெட்டி கொண்டுவந்து என் பக்கத்தில் குந்தினான்.

"சித்தெ பொறுங்க!"

வாசலில் சிங்காநல்லூர் மெக்கானிக் நின்றார். காரைப் பார்க்க வரும்படி முந்தின வாரம் சொல்லியனுப்பியிருந்தேன். அவர் என்னோடு ஒன்றும் பேசவில்லை. "அந்தத் தீப்பெட்டியைக் குடு, கண்ணு" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையனைக் கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு வந்தார்.

"டாங்கியிலே ஒரு சொட்டுத்தான் இருக்கும்" என்றேன்.

"நெறைஞ்ச டாங்கியைவிடக் காலி டாங்கிதானுங்க எமன். எரியறது பெட்ரோல் இல்லீங்க, அதனோட ஆவி. காத்தைவிடக் கனம். தரையோட தரையாத் தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் புடிக்கும்."

இடது கையை நீட்டினார். புறங்கையிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கியிருந்தது. "பன்னெண்டு வயசுங்க எனக்கு. காலி டிரம்முன்னுதான் பத்த வெச்சோம். கூட இருந்த பையன் இப்ப இல்லீங்க."

நான் திண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். பேரன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் கால்கள் கொஞ்ச நேரம் என் வசத்தில் இல்லை.

அன்றைக்கு அவர் செய்தது இவ்வளவுதான்: கொட்டகைக் கதவுகளைத் திறந்து வைத்தார். கைப்பம்பினால், எட்டின மட்டும், மேல் வழியாகப் பெட்ரோலை இறைத்தார். பிளக்கைச் சுற்றி எண்ணெய் விட்டார். "ராத்திரி ஊறட்டுமுங்க" என்று போய்விட்டார்.

மறுநாள் தேய்ந்த பிளக்கில் எதிரெதிராக இரண்டு பட்டை அரத்தால் ராவி, அதற்குச் சரியான சிறிய ஸ்பானரைத் தட்டி ஏற்றினார். பிறகு என் மனைவியிடம் வெந்நீர் கேட்டார். துணியை நனைத்துப் பிளக்கின் மேல் வைத்தார். ஆறியதும் பச்சைத் தண்ணீர்த் துணி. மறுபடி வெந்நீர்.

"வூட்லே சுளுக்குன்னா ஒத்தடம் குடுக்கறதில்லீங்களா? அதேதான்."

பித்தளை இரும்பைவிட அதிகமாக விரியும், அதிகமாகச் சுருங்கும். ஒவ்வொரு ஒத்தடத்துக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள பிடி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த இடுக்கில் எண்ணெய் இறங்கும். ஐந்தாறு ஒத்தடத்துக்குப் பின் ஸ்பானரைப் பிடித்தவர், கழற்றுவதற்குப் பதில் இறுக்கினார்!

"மொதல்லே அது போற பக்கம் சித்தெ போக உடோணுமுங்க. அப்புறம் நம்ம பக்கம் வரும்."

'டக்'கென்று ஒரு சத்தம். அடுத்த திருப்பில் பிளக் வெண்ணெய் போலச் சுழன்றது. கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு திரவம், வார்னிஷ் வாடையோடு தகர டப்பாவில் இறங்கியது.

சாயங்காலம் அண்ணன் வந்து டப்பாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அப்பா உட்காருகிற இடது பக்கத்துக் கதவைத் திறந்து மூடினார். "சரி, சித்திரை வரைக்கும் கிடக்கட்டும்" என்றார்.

மெக்கானிக் கூலியை வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதை என் மனைவியிடம் கொடுத்தார்.

"இதை மேலே எங்கியாச்சும் வைங்கம்மா. சின்னவர் கைக்கும் எட்டக் கூடாது, பெரியவர் கைக்கும் எட்டக் கூடாது."