எங்கள் ஊருக்கும் ஒரு ரயில்

ரயில் ஓசை கேட்டுக் கண் விழிக்கும் ஊர்கள் பல உண்டு. எங்கள் மாத்தூரோ லாரிகளின் ஹாரன் ஓசை கேட்டுக் கண் விழிக்கும் ஊர்! மணலிக்கும் மாதவரத்துக்கும் இடையே உள்ள எங்கள் ஊர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆனாலும் ராயபுரத்திலுள்ள நம் பள்ளிக்கு வர நான் இரண்டு பேருந்து மாற வேண்டும். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அதனால் காசு மிச்சமாகிறது, காலம்தான் மிச்சமாவதில்லை. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வழியில் வரிசைகட்டி நின்றுவிட்டால், காலை வழிபாட்டு மணி அடித்த பிறகுதான் நான் பள்ளி வாயிலை அடைவேன்.

என் தாமதம் கிடக்கட்டும். என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்ற அவளுக்குத் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள். ஒரு மழை நாளில் இரவு ஒன்பதரை ஆகியும் அவள் வீடு திரும்பவில்லை. அப்பா குடையோடு பேருந்து நிறுத்தத்திலேயே நின்றார். மறுநாள், "படிப்பைவிடப் பிள்ளை முக்கியம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. இப்போது அக்கா அஞ்சல் வழியில் வரலாறு படிக்கிறாள். அஞ்சல் வழியில் ஆய்வுக்கூடம் ஏது?

இத்தனைக்கும், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்துதான். 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் அது வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியது. 1979-இல் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் வந்தது. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி மக்கள் பயன் பெற்றார்கள். 2021-இல் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை நீண்டது. ஆனால் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி மேற்கே எங்கள் பக்கம் இவற்றில் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. மாதவரத்தில் தொடங்கும் மெட்ரோ இரண்டாம் கட்டத் தடங்களும் தெற்கு நோக்கித்தான் செல்கின்றன.

அப்படியானால் எங்கள் பக்கம் தண்டவாளமே இல்லையா? உண்டு! மணலியிலுள்ள ஆலைகளுக்காகத் திருவொற்றியூர்ப் பக்கமிருந்து சரக்கு ரயில் பாதை இருக்கிறது. உர மூட்டைக்கு ரயில் உண்டு. எங்கள் புத்தக மூட்டைக்குத்தான் இல்லை!

எனவே என் சிறு அறிவுக்கு எட்டிய மூன்று யோசனைகளைச் சொல்கிறேன். முதலாவது, அந்தப் பாதையில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு பயணிகள் வண்டிகள் விடலாம். எண்ணெயும் ரசாயனமும் புழங்கும் இடம் என்பதால், ஆலைகளுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நடைமேடை அமைக்க வேண்டும். இரண்டாவது, அது நடக்கும் வரை, மின்சார ரயில் வரும் நேரத்துக்குப் பொருந்துமாறு மாத்தூரிலிருந்து திருவொற்றியூர் நிலையத்துக்குச் சிற்றுந்துகள் விடலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இரண்டு துறைகளும் ஒரே கால அட்டவணையைப் பார்த்தால் போதும். மூன்றாவது, கும்மிடிப்பூண்டித் தடத்தில் விரைவு வண்டிகளோடும் சரக்கு வண்டிகளோடும் புறநகர் வண்டிகளும் போட்டியிட வேண்டியிருக்கிறது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் இருப்பதுபோல், இங்கும் புறநகர் வண்டிகளுக்கென்று தனிப் பாதை வேண்டும்.

சரக்குப் பாதையில் மனிதர்கள் போக முடியுமா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஜப்பானில், டோக்கியோவைச் சுற்றிச் சரக்கு வண்டிகள் செல்வதற்காகவே முசாசினோ என்ற தடத்தை அமைத்து 1973-இல் திறந்தார்கள். தொடக்கத்தில் அதில் பயணிகள் வண்டிகள் மிகக் குறைவு. இன்றோ வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோர் நிரம்பி வழியும் தடம் அது!

இதை நான் வீட்டில் சொன்னபோது அப்பா, "ஏம்மா, கூட்டம் சேருமா?" என்று கேட்டார். மறுநாள் காலை நிறுத்தத்தில் காத்திருப்பவர்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. படியில் இடம் பிடிக்க ஓடினேன். அந்தக் கணக்கு இன்னும் பாதியிலேயே நிற்கிறது.

நாளையே ரயில் வந்தாலும் அக்காவுக்கு அது பயன்படாமல் போகலாம். ஆனால் எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அக்காவின் பழைய வேதியியல் புத்தகத்தை வாங்கிப் படம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கல்லூரிக்குச் செல்ல இன்னும் ஆறேழு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு நடைமேடை கட்ட அந்தக் காலம் போதாதா?

— மேல்நிலை முதலாண்டு மாணவி