பொப் – 3

முதல்லயே சொல்லிடறேன், பாட்டு விஷயத்துல நான் கொஞ்சம் சீன் போடுற ஆளு. ஹாஸ்டலே அனிருத் கேட்டா, நான் யாருக்கும் தெரியாத பழைய ரெக்கார்டா தேடிக் கேட்பேன். சரண்ஜித் சிங்னு ஒருத்தர் 1982ல சிந்தசைசரும் டிரம் மெஷினும் வச்சு, பத்து ராகங்களை டிஸ்கோ பீட்ல வாசிச்சு ஒரு எல்பி போட்டார். அப்ப யாரும் பெருசா கண்டுக்கல. 2010ல மறுபதிப்பு வந்ததும் வெளிநாட்டுக்காரங்க வாயைப் பொளந்தாங்க. இந்தக் கதையைச் சொல்லி எத்தனை பேரை அறுத்திருப்பேன்னு என் ரூம்மேட்டைக் கேளுங்க.

அப்படிப்பட்ட எனக்கு, அரியலூர்ல பெரியப்பா வீட்டுப் பரண்ல ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட் இருக்குன்னு ஃபைனல் இயர்லதான் தெரிஞ்சுது. பெரம்பலூர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரம். நாலு வருஷமா போய் கறிக்குழம்பு சாப்பிட்டுட்டு வந்ததோட சரி.

அதுல அஞ்சு கேசட் மேல நீல மையில 'பொப் – 1', 'பொப் – 2'ன்னு எழுதியிருந்துச்சு. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம், என் தமிழே தகராறு. ஆனாலும் "பெரியப்பா, பாப்னு எழுதணும்"னு திருத்தினேன். "சிலோன் ரேடியோவுல பொப்னுதான்டா சொல்லுவாங்க"ன்னார். கல்யாணத்துக்கு முன்னாடி, ராத்திரி டூ-இன்-ஒன்ல ரெக்கார்ட் பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாராம்.

கையில கிடைச்ச 'பொப் – 3'ஐ எடுத்து, வருஷக்கணக்கா ஓடாத அந்த டூ-இன்-ஒன்லயே போட்டு பிளே அமுக்கினேன். அறிவிப்பாளர் குரல் வந்துச்சு. ஒரு கிதார். அவ்வளவுதான், குரல் தண்ணிக்குள்ள போற மாதிரி இழுத்துச்சு. மூடியைத் திறந்தா டேப் முழுக்க ரோலர்ல சுத்திக் கிடக்கு. பதட்டத்துல இழுத்தேன். அறுந்துடுச்சு. பெரியப்பா திட்டல. டீ போட்டுட்டு வர்றேன்னு எழுந்து போயிட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

டீயோட வந்து அவரா பேச ஆரம்பிச்சார். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினது, ஏ.ஈ.மனோகரன் 'சுராங்கனி' பாடினது, எல்லாம். போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போன பைலா தாளம், கிதார், அதுக்கு மேல யாழ்ப்பாணத் தமிழ். சினிமா இல்லாம, ஹீரோ இல்லாம, தமிழ்ல தனியா ஒரு பாப். நான் லண்டன் பேண்டுங்களோட பி-சைடு தேடிக்கிட்டிருந்தப்ப இது எங்க வீட்டுப் பரண்ல இருந்திருக்கு. 1977ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல இளையராஜா அந்தச் சுராங்கனியை எடுத்துப் போட, நம்ம ஊர்ல பல பேருக்கு அது சினிமாப் பாட்டாவே ஆயிடுச்சு. எனக்கும் அப்படித்தான். மனோகரன் 2018ல சென்னையிலதான் இறந்தார். அப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன், பேரைக்கூடக் கேள்விப்பட்டதில்ல.

பாட்டு யூட்யூப்ல இருக்கேன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். பிரபலமானதெல்லாம் இருக்கு. ஆனா அந்த ராத்திரி அந்த அறிவிப்பாளர் பேசினது, பெரியப்பாவுக்கே பாடினவர் பேர் மறந்துபோன ரெண்டு பாட்டு, நடுவுல அலைவரிசை தேயும்போது வர்ற இரைச்சல் எல்லாம் அந்த ஒரு கேசட்லதான் இருந்துச்சு. கல்லு வெட்டினா கடல் சங்கு கிடைக்கிற ஊரு எங்களுது. பல கோடி வருஷம் தாங்கினது இருக்கு. இது என் கையில ஒரு நிமிஷம் தாங்கல.

அதனால உங்க வீட்லயும் கேசட் இருந்தா, தயவுசெஞ்சு உடனே பிளே அமுக்காதீங்க. பூஞ்சை இருக்கான்னு பாருங்க. பென்சிலை விட்டுக் கையால கொஞ்சம் சுத்தி, டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. ஹெட்டையும் ரோலரையும் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க. முக்கியமில்லாத ஒரு கேசட்டைப் போட்டு மெஷினைச் சோதிங்க. அப்புறம் இயர்போன் ஜாக்ல இருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி. நம்ம லேப்ல செய்யறதைவிட ஈஸி.

1, 2 ரெண்டையும் ஏத்தியாச்சு. 'பொப் – 3'ஓட அறுந்த டேப் ஒரு கவர்ல இருக்கு. ஒட்டறதுக்கு அதுக்குன்னே தனி டேப் வருதாம், ஆர்டர் போட்டிருக்கேன். கசங்கின இடம் போனது போனதுதான். ஞாயித்துக்கிழமை 'பொப் – 4'. பெரியப்பா ரெண்டு தடவை போன் பண்ணிட்டார், எத்தனை மணி பஸ்ல வர்றேன்னு.